இழுத்ததும் மாறும் விடை: விரிதாளில் நகலெடுத்த ஃபார்முலா ஏன் தவறுகிறது?

முதல் செல்லில் விடை சரி. அதே ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் சில வரிசைகளில் 0 வருகிறது, சிலவற்றில் #என்/ஏ (தேடியது கிடைக்கவில்லை என்னும் பிழைச் செய்தி), மற்றவற்றில் பார்வைக்கு நியாயமாகத் தெரிகிற, ஆனால் தவறான ஓர் எண். பிழைச் செய்தி காட்டும் செல்களால் பெரிய ஆபத்து இல்லை. அவை தாமே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. அறிக்கை வரைக்கும் போய்ச் சேர்வது அந்த நியாயமான தவறு எண்தான். 2003இல் கனடாவின் டிரான்ஸ்ஆல்டா என்ற மின் நிறுவனம், விரிதாளில் வெட்டி ஒட்டியபோது நேர்ந்த பிசகால் மின்கடத்தல் ஒப்பந்தங்களை அதிக விலைக்கு வாங்கி 2.4 கோடி அமெரிக்க டாலரை இழந்தது.

ஒரு சிறு குறிப்பு: செல் முகவரிகளையும் ஃபார்முலாக்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். விரிதாளில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பி2 என்றால் இரண்டாவது நெடுவரிசை, இரண்டாவது வரிசை. பெரும்பாலான விவரங்கள் எக்செல்லுக்கு உரியவை. கூகுள் ஷீட்ஸ், லிப்ரெஆபிஸ் கால்க் வேறுபடும் இடங்களில் அதைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

எதையும் திருத்தும் முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டும். நகலெடுத்த செல்லில் இருக்கும் ஃபார்முலாவே தவறா, அல்லது ஃபார்முலா சரியாக இருந்தும் விடை மட்டும் தவறா? விடை தவறிய செல்லில் எஃப்2 விசையை அழுத்துங்கள். ஃபார்முலா எந்தெந்தச் செல்களைப் படிக்கிறதோ அவற்றைச் சுற்றி வண்ணக் கட்டங்கள் தோன்றும். கட்டம் தவறான இடத்தில் விழுந்தால் கோளாறு முகவரியில். சரியான இடத்தில் விழுந்தால் கோளாறு தரவிலோ கணக்கிடும் அமைப்பிலோ இருக்கிறது. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் ஆளாளுக்கு டாலர் குறிகளைத் தூவிப் பார்ப்பதில்தான் நேரம் வீணாகிறது.

முகவரி அல்ல, தூரம்

டி2இல் =பி2*சி2 என்று எழுதுகிறோம். நாம் படிப்பது "பி2ஐ சி2ஆல் பெருக்கு" என்று. நிரல் எடுத்துக்கொள்வது வேறு: "எனக்கு இரண்டு செல் இடப்பக்கம் இருப்பதை, ஒரு செல் இடப்பக்கம் இருப்பதோடு பெருக்கு." கதவு எண்ணைச் சொல்லாமல் "இங்கிருந்து இடப்பக்கம் இரண்டாவது வீடு" என்று வழி சொல்வதைப் போன்றது இது, சொல்பவர் நிற்கும் இடம் மாறினால் வீடும் மாறும். அதனால்தான் டி3இல் ஒட்டியதும் =பி3*சி3 என்று தெரிகிறது. ஃபார்முலா மாறிவிட்டது போலத் தோன்றினாலும், தூரக் கணக்கில் இரண்டும் ஒரே ஃபார்முலாதான்.

1979இல் வந்த விசிகால்க் என்ற விரிதாள் நிரலில், ஃபார்முலாவை நகலெடுக்கும்போது ஒவ்வொரு முகவரிக்கும் "இது நகர வேண்டுமா, அப்படியே இருக்க வேண்டுமா" என்று நிரலே கேட்கும். எரிச்சலான ஏற்பாடுதான், ஆனால் யோசிக்க வைத்தது. இப்போது எந்தக் கேள்வியும் வருவதில்லை. டாலர் குறி இல்லையென்றால் நகரும், அவ்வளவுதான். ஹெச்1 முழுக்கவும் நகரும். $ஹெச்$1 எங்கும் நகராது. ஹெச்$1இல் வரிசை மட்டும் நிலைத்திருக்கும். $ஹெச்1இல் நெடுவரிசை மட்டும் நிலைத்திருக்கும். ஃபார்முலாவைத் திருத்தும்போது கர்சரை முகவரியின் மேல் வைத்து எஃப்4 விசையை அழுத்த அழுத்த இந்த நான்கு நிலைகளும் சுழன்று வரும். மேக் கணினியின் எக்செல்லில் கமாண்ட்+டி (ஆங்கில எழுத்து T). சில மடிக்கணினிகளில் எஃப்4 ஒலியளவு போன்ற வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கே எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

அன்றாடம் நேரும் தவறு இது: தள்ளுபடி விகிதம் ஹெச்1இல் இருக்கிறது, =டி2*ஹெச்1 என்று எழுதிக் கீழே இழுக்கிறோம். அடுத்த வரிசை ஹெச்2ஐப் படிக்கும். அது காலியாக இருந்தால் விடை 0. உடனே கண்ணில் படும். ஹெச்2இல் வேறேதோ ஒரு விகிதம் இருந்தாலோ, விடை நம்பும்படியாகவே இருக்கும். =டி2*$ஹெச்$1 என்று பூட்டுவதே தீர்வு. மாறாத எண்களைத் தனி ஷீட்டில் ஒதுக்கி, அவற்றைச் சுற்றிலும் காலி செல்களை விட்டுவைப்பது நல்ல பழக்கம். பூட்ட மறந்தாலும் பக்கத்து எண் மாட்டாது, 0 தான் மாட்டும்.

கீழேயும் வலப்பக்கமும் இழுக்க வேண்டிய அட்டவணைக்கு முழுப் பூட்டு உதவாது. முதல் நெடுவரிசையில் அளவுகள், முதல் வரிசையில் விலைகள் என்றால் பி2இல் =$ஏ2*பி$1 என்று எழுத வேண்டும். எந்த எழுத்தின் முன், எந்த எண்ணின் முன் டாலர் வர வேண்டும் என்று குழம்பினால் இப்படிப் பாருங்கள்: கீழே போகும்போது மாறக்கூடாதது வரிசை எண், எனவே டாலர் எண்ணுக்கு முன். வலப்பக்கம் போகும்போது மாறக்கூடாதது நெடுவரிசை, எனவே டாலர் எழுத்துக்கு முன்.

ஒற்றைச் செல்லைவிட, பல செல்கள் சேர்ந்த வீச்சுகளில்தான் விஷயம் சிக்கலாகிறது. ஒரு மதிப்பைப் பட்டியலில் தேடி, அதே வரிசையில் உள்ள வேறொன்றை எடுத்துத் தருவது வீலுக்அப். 2ஆவது வரிசையில் எழுதிய =வீலுக்அப்(ஏ2,ஹெச்2:ஐ50,2,ஃபால்ஸ்) என்ற ஃபார்முலாவை 20ஆவது வரிசை வரை இழுத்தால், அங்கே தேடும் வீச்சு ஹெச்20:ஐ68 ஆகிவிடும். பட்டியலின் முதல் 18 வரிசைகள் அதன் கண்ணிலேயே படாது. இதற்கு ஓர் அடையாளம் உண்டு: மேலே எல்லாம் சரியாக இருக்கும், கீழே போகப் போக #என்/ஏ அடர்த்தியாகும். அதுவும் ஒரே பெயர் மேலே கிடைத்து, கீழே கிடைக்காமல் போனால் சந்தேகமே வேண்டாம். வீச்சை $ஹெச்$2:$ஐ$50 என்று பூட்டுங்கள். கடைசியில் உள்ள ஃபால்ஸை விட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சரியான பொருத்தம் இல்லாதபோது #என்/ஏ காட்டாமல், தேடியதைவிடச் சிறிய மதிப்புகளில் பெரியதைக் கொண்டுவந்து வைத்துவிடும். பட்டியல் வரிசைப்படுத்தப்படாமல் இருந்தால் அதுகூட உறுதியில்லை.

அதே ஃபார்முலாவை வலப்பக்கம் இழுத்தால் எல்லா நெடுவரிசைகளிலும் ஒரே விடை வருவதாகப் பலர் திகைப்பார்கள். காரணம் மூன்றாவதாக உள்ள 2. அது முகவரி அல்ல, வெறும் எண்; எண் நகராது. அதன் இடத்தில் காலம்ஸ்($ஹெச்:ஐ) என்று எழுதினால் முதலில் 2, அடுத்த நெடுவரிசையில் 3 என்று தானே ஏறும். வீச்சையும் அதற்கேற்ப அகலமாக எடுத்து, தேடும் செல்லை $ஏ2 என்று பூட்ட மறக்கக்கூடாது. இதே வேலையைச் செய்யும் புதிய எக்ஸ்லுக்அப் இருக்கும் பதிப்பில் இந்தச் சிக்கல் பாதி குறையும்: இயல்பிலேயே சரியான பொருத்தத்தை மட்டும் தேடும், நெடுவரிசை எண்ணும் கேட்காது.

வீச்சைப் பாதியில் நிறுத்துவது டாலர் குறியோடு தொடர்பில்லாத தவறு. ஆனாலும் நகலெடுத்தால் அப்படியே பரவும். பொருளாதார அறிஞர்கள் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வின் விரிதாளில் 20 நாடுகள் 30 முதல் 49 வரையான வரிசைகளில் இருந்தன. சராசரி எடுத்த ஃபார்முலா 44ஆவது வரிசையோடு நின்றுவிட்டது. ஐந்து நாடுகள் கணக்கில் சேரவில்லை. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் அது வெளியே தெரிந்தது. அவர்கள் முடிவுகளை விமர்சித்தவர்கள் வேறு காரணங்களையும் சொன்னார்கள்; ஆனால் எஃப்2 அழுத்தியிருந்தால் தெரிந்திருக்கக்கூடியது இது ஒன்று.

மேல்நோக்கி நகலெடுப்பதில் தனி ஆபத்து உண்டு. பி2இல் உள்ள =ஏ1 என்ற ஃபார்முலாவை பி1க்கு நகலெடுத்தால், அது 0ஆவது வரிசையைக் கேட்கிறது. அப்படி ஒரு வரிசை இல்லாததால் #ரெஃப்! வரும். கவனிக்க வேண்டியது, இங்கே முகவரியே ஃபார்முலாவிலிருந்து அழிந்துவிடுகிறது என்பதை. திரும்பக் கீழே நகலெடுத்தாலும் அது மீளாது. கன்ட்ரோல்+இசட் மட்டுமே வழி.

நகலெடுப்பதும் வெட்டுவதும் ஒன்றல்ல

கன்ட்ரோல்+சி அழுத்தி ஒட்டினால் முகவரிகள் நகரும். கன்ட்ரோல்+எக்ஸ் அழுத்தி ஒட்டினால் நகராது. அந்த ஃபார்முலா பழைய செல்களையே படித்துக்கொண்டிருக்கும். அதோடு, வெட்டிய செல்லைப் படித்துக்கொண்டிருந்த மற்ற ஃபார்முலாக்கள் அதன் பின்னாலேயே புதிய இடத்துக்குப் போய்விடும். இன்னொன்றையும் பலர் அறிந்திருப்பதில்லை: வெட்டிய செல்லை, வேறு ஃபார்முலாக்கள் படித்துக்கொண்டிருக்கும் ஒரு செல்லின் மேல் ஒட்டினால், அந்த ஃபார்முலாக்கள் அனைத்தும் #ரெஃப்! ஆகும். எண்ணை மட்டும் இடம் மாற்ற வேண்டுமென்றால் வெட்டாதீர்கள். நகலெடுத்து, மதிப்பை மட்டும் ஒட்டி, பழையதை டெலிட் செய்யுங்கள்.

முகவரி கொஞ்சமும் மாறாமல் ஃபார்முலா வேண்டுமானால், செல்லை நகலெடுக்காமல், ஃபார்முலா பட்டையில் உள்ள எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, எஸ்கேப் அழுத்திவிட்டு, புதிய செல்லில் ஒட்டலாம். மேலுள்ள செல்லின் ஃபார்முலாவை அப்படியே கொண்டுவர கன்ட்ரோலோடு ஒற்றை மேற்கோள் விசையை அழுத்தினால் போதும். கன்ட்ரோல்+டி (ஆங்கில எழுத்து D) அதே வேலைதான் என்று நினைத்துவிடக்கூடாது. அது முகவரிகளை நகர்த்தி நிரப்பும்.

இணைத்த செல்களும் தொல்லை கொடுக்கும். ஏ2 முதல் ஏ5 வரை இணைத்திருந்தால் மதிப்பு ஏ2இல் மட்டுமே இருக்கிறது. மற்ற மூன்றும் காலி. =ஏ2 என்று தொடங்கிக் கீழே இழுத்தால் அடுத்த மூன்று வரிசைகளிலும் 0 வரும். கணக்கிடும் பகுதியில் செல்களை இணைக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தலைப்பு நடுவில் தெரிய வேண்டுமென்றால் செல் வடிவமைப்பில் "தேர்ந்த செல்களின் நடுவில்" வைக்கும் சீரமைப்பு இருக்கிறது.

வடிகட்டிய பட்டியலில் ஒட்டும்போது கவனம் தேவை. பல செல்களை நகலெடுத்து, வடிகட்டி வைத்த இடத்தில் ஒட்டினால், எக்செல் மறைந்திருக்கும் வரிசைகளையும் சேர்த்து அடுத்தடுத்து நிரப்பிவிடும். வடிகட்டியை எடுத்த பிறகுதான் பழைய தரவு அழிந்தது தெரியும். கையால் மறைத்த வரிசைகள் உள்ள பகுதியை நகலெடுக்கும்போது, முதலில் ஆல்ட்+அரைப்புள்ளி அழுத்தித் தெரியும் செல்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

ஃபார்முலா சரி, விடை மட்டும் தவறு

எல்லா வரிசைகளிலும் முதல் வரிசையின் விடையே வருகிறது; எஃப்2 அழுத்திப் பார்த்தால் முகவரிகள் சரியாகவே நகர்ந்திருக்கின்றன. இது கையால் கணக்கிடும் நிலையின், அதாவது நாம் கேட்டால் மட்டும் நிரல் கணக்கிடும் நிலையின், அடையாளம். எஃப்9 அழுத்தியதும் எண்கள் மாறினால் உறுதி. ஃபார்முலாஸ் தாவலில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் போய் ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள். லிப்ரெஆபிஸில் டேட்டா மெனுவில் கால்குலேட் என்பதன் கீழ் ஆட்டோகால்குலேட். "நான் இதைத் தொடவே இல்லையே" என்று நீங்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். எக்செல்லைத் தொடங்கியதும் முதலில் திறக்கும் கோப்பின் கணக்கிடும் நிலையே அப்போது திறக்கும் மற்ற கோப்புகளுக்கும் பொருந்தும். அவற்றைச் சேமித்தால் அந்த நிலையும் சேர்ந்தே சேமிக்கப்படும். யாரோ அனுப்பிய ஒரு கனமான கோப்பிலிருந்து இது உங்கள் கோப்புகளுக்குத் தொற்றிவிடும்.

விடைக்குப் பதில் ஃபார்முலாவே எழுத்தாகத் தெரிந்தால், அந்தச் செல் டெக்ஸ்ட் வடிவத்தில் இருக்கிறது. வடிவத்தை ஜெனரல் என்று மாற்றினால் மட்டும் போதாது. எஃப்2, என்டர் அழுத்தி மீண்டும் உள்ளிட வேண்டும். நெடுவரிசை முழுக்க இப்படி என்றால் அதைத் தேர்ந்தெடுத்து, டேட்டா தாவலில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் திறந்து, எதையும் மாற்றாமல் ஃபினிஷ் கொடுத்தால் ஒரே வீச்சில் முடிந்துவிடும். ஷீட் முழுக்க ஃபார்முலாக்களாகத் தெரிந்தால் அது வேறு: யாரோ தெரியாமல் கன்ட்ரோலோடு, 1க்கு இடப்பக்கம் உள்ள விசையை அழுத்தியிருக்கிறார்கள். மீண்டும் அழுத்தினால் சரியாகும்.

எழுத்தாக உள்ள எண்கள் இன்னும் நுட்பமாக ஏமாற்றும். ஏ2 முதல் ஏ4 வரை எண்கள், அவற்றில் ஒன்று எழுத்து வடிவில். =ஏ2+ஏ3+ஏ4 சரியான விடை தரும், ஏனென்றால் கூட்டல் குறி எழுத்தை எண்ணாக மாற்றிக்கொள்ளும். =சம்(ஏ2:ஏ4) அதை ஓசையின்றி விட்டுவிடும். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்துக் கீழேயுள்ள நிலைப்பட்டையைப் பாருங்கள். மொத்தம் காட்டாமல் எண்ணிக்கை மட்டும் காட்டினால் எல்லாமே எழுத்துகள். இணையத்திலிருந்து ஒட்டிய எண்களின் பின்னால் 160 என்ற குறியெண் கொண்ட உடையாத இடைவெளி ஒளிந்திருப்பது வழக்கம். டிரிம் செயற்கூறு 32ஆம் குறியெண் இடைவெளியை மட்டுமே நீக்கும், இதைத் தொடாது. =வேல்யூ(சப்ஸ்டிடியூட்(ஏ2,யூனிகேர்(160),"")) என்று எழுதினால் போகும்.

ஃபார்முலாவையே இணையத்திலிருந்து நகலெடுத்திருந்தால், சாய்ந்த மேற்கோள் குறிகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். விரிதாளுக்கு நேரான குறிகள்தான் தெரியும். கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்துக் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி தேவைப்படலாம். சமக்குறிக்கு முன் ஓர் ஒற்றை மேற்கோள் ஒட்டியிருந்தாலும் முழுவதும் எழுத்தாகிவிடும்.

வேறு கோப்புக்குப் போகும்போது

ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டும்போது இரண்டு விதமாக நடக்கும். அதே ஷீட்டைப் படித்த முகவரிகள் புதிய ஷீட்டின் அதே தூரத்துச் செல்களைப் படிக்கத் தொடங்கும். வேறு ஷீட்டைப் படித்தவையோ பழைய கோப்பின் பெயரைச் சதுர அடைப்பில் சுமந்துகொண்டு வரும். பழைய கோப்பை நகர்த்திவிட்டால், கடைசியாகச் சேமித்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்; பழைய எண் என்று பார்த்தால் தெரியாது. இணைப்பு வராமல் கொண்டுபோக ஒரு வழி: மூலக் கோப்பில் கன்ட்ரோல்+ஹெச் மூலம் எல்லாச் சமக்குறிகளையும் எங்கும் வராத ஒரு குறியாக மாற்றி, வெறும் எழுத்தாக நகலெடுத்து ஒட்டி, இரண்டு பக்கமும் குறியைத் திரும்பச் சமக்குறியாக்குங்கள்.

தேதிகள் எல்லாம் 4 ஆண்டு 1 நாள் நகர்ந்திருந்தால் ஃபார்முலாவில் தேட வேண்டாம். ஒரு கோப்பு நாட்களை 1900இலிருந்து எண்ணும் தேதி முறையிலும் மற்றது 1904இலிருந்து எண்ணும் தேதி முறையிலும் இருக்கிறது; வித்தியாசம் எப்போதும் 1462 நாள். பழைய மேக் எக்செல் கோப்புகளில் இது சகஜம். ஒரு காலி செல்லில் 1462 என்று எழுதி நகலெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் கூட்டல் அல்லது கழித்தல் கொடுத்தால் தேதிகள் சரியாகும்.

ஷீட் முழுவதையும் நகலெடுத்தால் பெயரிட்ட வீச்சுகளைக் கவனியுங்கள். அந்த ஷீட்டைச் சுட்டும் பெயருக்கு, நகல் ஷீட்டுக்கு மட்டும் உரிய இரண்டாவது பிரதி உருவாகிவிடும். ஒரே பெயர், இரண்டு ஷீட்டில் இரண்டு பொருள். கன்ட்ரோல்+எஃப்3 அழுத்தினால் பெயர்ப் பட்டியலில் இரண்டும் தெரியும்.

எக்செல் டேபிளாக மாற்றிய தரவில், நெடுவரிசைப் பெயரால் எழுதிய ஃபார்முலா இன்னொரு விதம். அதை வலப்பக்கம் இழுத்தால் பெயர் அடுத்த நெடுவரிசைக்கு நகரும். கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+வி செய்தால் நகராது. விற்பனை என்ற டேபிளில் தொகை என்ற நெடுவரிசையைப் பூட்ட விற்பனை[[தொகை]:[தொகை]] என்று எழுத வேண்டும். இதற்கு டாலர் குறி கிடையாது.

தவறிய செல்லைத் தேடிப் பிடிக்க

ஆயிரம் வரிசையை எஃப்2 அழுத்திப் பார்க்க முடியாது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஃபார்முலாஸ் போய் ஆர்1சி1 முகவரி முறையைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ஃபார்முலாக்கள் தூரமாகவே தெரியும்: =ஆர்சி[-2]*ஆர்சி[-1]. சரியாக நகலெடுத்த நெடுவரிசையில் எல்லா வரிசையிலும் எழுத்துக்கு எழுத்து இதேதான் இருக்கும். ஒன்றில் மட்டும் வேறாக இருந்தால் அதுதான் குற்றவாளி. கூகுள் ஷீட்ஸில் இந்தக் காட்சி இல்லை. எக்செல்லில் நெடுவரிசையை மேலிருந்து தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பின்சாய்வுக் கோடு அழுத்தினால், முதல் செல்லோடு பொருந்தாதவை மட்டும் தேர்வாகும். இடையில் யாராவது ஃபார்முலாவை அழித்து எண்ணைத் தட்டியிருந்தாலும் இதில் மாட்டும்.

நீண்ட ஃபார்முலாவின் ஒரு பகுதியை மட்டும் சோதிக்க, அதைப் பட்டையில் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தலாம். விடை அங்கேயே தெரியும். பார்த்து முடித்ததும் எஸ்கேப்தான் அழுத்த வேண்டும். என்டர் அழுத்தினால் அந்தப் பகுதி எண்ணாகவே உறைந்து, அடுத்த முறை நகலெடுக்கும்போது எல்லா வரிசைக்கும் பரவும். பிழை வந்தால் அதற்குப் பதில் நாம் சொன்ன மதிப்பைக் காட்டும் இஃப்எரர் சுற்றியிருந்தால் சோதிக்கும் வரை அதை எடுத்துவிடுங்கள், #ரெஃப்! ஆனவற்றையெல்லாம் அது 0 என்று காட்டிக்கொண்டிருக்கலாம்.

திருத்தும் முன் பழைய நெடுவரிசையை மதிப்புகளாக மட்டும், உதாரணமாக எம் நெடுவரிசையில், ஒட்டி வையுங்கள். பிறகு முதல் செல்லைத் திருத்தி, பேஸ்ட் ஸ்பெஷலில் ஃபார்முலாஸ் மட்டும் கொடுத்து முழு நெடுவரிசைக்கும் ஒட்டினால் வடிவமைப்பு குலையாது. பக்கத்தில் =ரவுண்ட்(டி2-எம்2,2) என்று போட்டு, 0 அல்லாதவற்றை வடிகட்டுங்கள். ஏற்கெனவே யாருக்காவது தவறான எண் போயிருக்கிறதா, எந்தெந்த வரிசையில், எவ்வளவு வித்தியாசம் என்ற பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும்.